தோட்ட எந்திரங்களும் ஹைட்ராலிக் எண்ணெயும்: எந்தக் குணம் முதலில்?

நெகிரி செம்பிலானின் செம்பனைத் தோட்டங்களில் மனிதத் தோள் சுமக்கும் எடையைவிட எண்ணெய் சுமக்கும் எடை இன்று அதிகம். வெட்டி விழுத்திய குலை ஒவ்வொன்றும் 15 முதல் 25 கிலோ இருக்கும். சின்ன டிராக்டரின் இரும்புக் கை அதைக் கவ்வித் தூக்கி டிரெய்லரில் போடுகிறது. டிரெய்லர் தானே உயர்ந்து லாரியில் கொட்டுகிறது. ஆலை வாசலில் பழ மேட்டின் கதவுகள் நெம்புகோல் அசைவில் திறக்கின்றன. மறுநடவு நிலத்தில் எக்ஸ்கவேட்டர் முப்பது வயது மரத்தை வேரோடு சாய்க்கிறது. இந்த வேலைகள் அனைத்துக்கும் பின்னால் குழாய்க்குள் அழுத்தத்தோடு ஓடுவது ஹைட்ராலிக் எண்ணெய்தான்.

ரப்பர் காலத்திலும் அதற்கு இடம் இருந்தது. 1965இல் மலேசியத் தர ரப்பர் திட்டம் வந்த பிறகு, நொறுக்கிக் காயவைத்த ரப்பரை 33.33 கிலோ கட்டிகளாக அழுத்தியவை ஹைட்ராலிக் பிரஸ்களே. பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் பலர் பட்டறையில் ஃபிட்டராகவும் டிராக்டர் ஓட்டுநராகவும் போர்மேனாகவும் உயர்ந்தார்கள். எந்திரத்தோடு பழகிய அந்தக் கைகளிடம்கூட எண்ணெய் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: "கொறஞ்சிருக்கு, கொஞ்சம் ஊத்திவிடு தம்பி." எதை ஊற்றுவது, எப்படி ஊற்றுவது என்ற கேள்விகள் ஸ்டோர் கிராணியின் பதிவேட்டோடு நின்றுவிடுகின்றன.

எண்ணெய் நிறுவனத்தின் விவரத்தாளில் பத்துப் பதினைந்து குணங்கள் வரிசையாக இருக்கும். எல்லாம் ஒரே எழுத்தளவில் அச்சாகியிருப்பதால் எல்லாம் ஒரே முக்கியத்துவம் உடையவை போலத் தோன்றும். தோட்டத்து நிலைமை அப்படியில்லை. பகலில் 32, 33 பாகை வெயில், மாலையில் அடைமழை, காற்றெல்லாம் ஈரம், ஆலைக்குள் நீராவியும் நார்த்தூசும். இந்தச் சூழலில் எந்தக் குணம் எந்திரத்தைக் காக்கிறது, எது கைவிட்டால் பம்பு போகிறது என்று வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தண்ணீரிலிருந்து எண்ணெய்க்கு

ஜோசப் பிராமா 1795இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் பிரஸ் தண்ணீரில் இயங்கியது. அடைத்து வைத்த திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியே அதன் அடிப்படை. அந்த விதிக்குத் தண்ணீர் போதும், எந்திரத்துக்குப் போதாது. தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், உரசும் பாகங்களுக்கு வழுக்கல் தராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் வர்ஜீனியாவின் பீரங்கி மேடையைத் திருப்ப வில்லியம்ஸ், ஜானி ஆகியோரின் பம்பு பொருத்தப்பட்டது. அதில் தண்ணீரின் இடத்தைக் கனிம எண்ணெய் பிடித்தது.

அன்றிலிருந்து ஹைட்ராலிக் எண்ணெய்க்கு நான்கு வேலைகள். விசையைக் கடத்த வேண்டும். பாகங்களுக்கு வழுக்கல் கொடுக்க வேண்டும். சூட்டை எடுத்துச் செல்ல வேண்டும். அழுக்கைச் சுமந்துபோய் ஃபில்டரில் சேர்க்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு குணமும் இந்த நான்கில் ஏதோ ஒன்றுக்காகத்தான்.

பாகுத்தன்மை

ஒரே ஒரு குணத்தை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் பாகுத்தன்மையைத்தான் பார்க்க வேண்டும். எண்ணெய் எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம் என்பதன் அளவு அது. டிரம்மின் மேல் 32, 46, 68 என்று போட்டிருக்கும் எண் 40 பாகை செல்சியஸில் அந்த எண்ணெயின் பாகுத்தன்மையைச் சென்டிஸ்டோக்கில் சொல்கிறது. ஐஎஸ்ஓ விஜி 46 என்றால் 40 பாகையில் 46. பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம்.

தோட்டத்து எந்திரத்துக்குள் எண்ணெய் 40 பாகையில் நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். காலை ஆறரைக்குப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து எந்திரத்தைக் கிளப்பும்போது எண்ணெய் 25 பாகையில் இருக்கும். பத்து மணிக்கு 60ஐத் தாண்டும். ரேடியேட்டரில் செம்பனைச் சருகும் தூசும் அடைத்திருந்தால் மதியம் 80ஐத் தொடும். சாதாரண விஜி 46 எண்ணெய் 25 பாகையில் ஏறக்குறைய 100 சென்டிஸ்டோக், 60இல் 20 சொச்சம், 80இல் 11 என்று இளகிக்கொண்டே போகும். விஜி 68 எண்ணெயோ 60 பாகையில் 28 சொச்சத்திலும் 80இல் 15க்கு அருகிலும் இருக்கும்.

அழுத்தம் கூடிய பிஸ்டன் பம்புகளுக்கு உகந்த அளவு பொதுவாக 16 முதல் 36 சென்டிஸ்டோக். 10க்குக் கீழே போனால் ஆபத்து. ஆக 80 பாகை வரை சூடேறும் எந்திரத்தில் விஜி 46 ஆபத்தின் விளிம்பில் நிற்கிறது. விஜி 68 தாங்குகிறது. அதற்காக எல்லாவற்றிலும் 68 ஊற்றிவிடுவது தீர்வாகாது. காலையில் குளிர்ந்திருக்கும் கெட்டி எண்ணெயைப் பம்பு உறிஞ்சத் திணறும். உறிஞ்சு குழாயில் வெற்றிடக் குமிழிகள் உண்டாகும். அவை அழுத்தப் பக்கம் போய் வெடிக்கும்போது பம்பின் உலோகம் பொத்துப்போகும். எந்திரத்தின் கையேட்டில் வெப்பநிலைக்கு ஏற்ற எண்ணெய் எண்கள் ஒரு பட்டை வரைபடமாக இருக்கும். குளிர்நாட்டுக்காரருக்கு அதில் பல வரிகள் வேண்டும். நெகிரி செம்பிலானுக்குக் கடைசி ஒன்றிரண்டு வரிகள் போதும். பெரும்பாலும் அங்கே 46, 68 என்ற இரண்டில் ஒன்றே இருக்கும்.

எண்ணெய் இளகினால் வெளியே என்ன தெரியும்? தூக்கிய டிரெய்லர் மெல்ல இறங்கும். மதியத்துக்கு மேல் இரும்புக் கையின் பிடி தளரும். பம்பின் உள்ளிடைவெளிகள் வழியாக எண்ணெய் திரும்ப ஒழுகுவதால் வேகம் குறையும், ஒழுகும் எண்ணெயே மேலும் சூடேறும், சூடு மேலும் இளக்கும். காலையில் ஒழுங்காக வேலை செய்து மதியம் சோர்ந்துபோகும் எந்திரம் இருந்தால் பம்பைக் கழற்றுமுன் எண்ணெயின் சூட்டையும் பாகுத்தன்மை எண்ணையும் பார்க்கலாம்.

சூட்டுக்கேற்ப எவ்வளவு மாறுகிறது என்பதை அளக்கும் எண் பாகுத்தன்மைக் குறியீடு. சாதாரண கனிம எண்ணெய்க்கு அது 100க்குப் பக்கத்தில் இருக்கும்; எச்வி எனப்படும் உயர் குறியீட்டு வகை எண்ணெய்க்கு 140க்கு மேல். பனிக்காலமும் கோடையும் ஒரே எந்திரத்தைச் சந்திக்கும் நாட்டில் எச்வி வகை கட்டாயம். ஆண்டு முழுவதும் ஒரே வெயில் காயும் சிரம்பானில் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது பல எந்திரங்களுக்குத் தேவையில்லை. நாள் முழுக்கச் சூட்டில் உழலும் எக்ஸ்கவேட்டருக்கு மட்டும் அது பயன் தரும்.

தேய்மானத் தடுப்பும் டிராக்டர் எண்ணெயும்

ஐஎஸ்ஓ 6743-4 வகைப்பாட்டில் எச்எச் என்பது எதுவும் சேர்க்காத வெறும் எண்ணெய். எச்எல் என்றால் துருவும் ஆக்சிஜனேற்றமும் தடுக்கும் சேர்மானம் உண்டு. எச்எம் என்றால் அத்துடன் தேய்மானத் தடுப்பும் உண்டு. ஜெர்மானிய டிஐஎன் 51524 தரத்தில் இதற்கு இணையானது எச்எல்பி. தோட்டத்து எந்திரங்களில் எச்எம்முக்குக் கீழே எதையும் ஊற்றக்கூடாது.

தேய்மானத் தடுப்புக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது துத்தநாகம் சேர்ந்த ஒரு வேதிப்பொருள். உலோகமும் உலோகமும் உரசிச் சூடாகும் இடத்தில் அது மெல்லிய படலமாகப் படிந்து, தான் தேய்ந்து உலோகத்தைக் காக்கும். அளவுக்கு மீறிச் சூடேறினாலும் தண்ணீர் கலந்தாலும் அது சிதைந்து, சில பம்புகளில் உள்ள பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கும். அதனால் துத்தநாகம் இல்லாத எண்ணெய்களும் வந்தன. இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்தால் சேர்மானங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் படிவாகத் திரண்டு ஃபில்டரை அடைக்கலாம். பெயர் தெரியாத மிச்ச எண்ணெயை "எல்லாம் ஹைட்ராலிக்தானே" என்று சேர்த்து ஊற்றும் பழக்கத்தில் உள்ள ஆபத்து இதுவே.

டிராக்டரில் இன்னொரு சங்கதி இருக்கிறது. 1946இல் வந்த ஹாரி ஃபெர்குசனின் டிஇ 20 காலத்திலிருந்தே பல டிராக்டர்களில் கியர்பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். பின்னால் வந்த டிராக்டர்களில் பிரேக் தகடுகளும் அதே எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. அவற்றுக்கு டிராக்டருக்கென்றே தயாரித்த பொது எண்ணெய் வேண்டும். கியரின் பாரத்தைத் தாங்கவும், பிரேக் தகடு அதிராமல் பிடிக்கவும் தனிச் சேர்மானங்கள் அதில் உண்டு. அந்த இடத்தில் எக்ஸ்கவேட்டருக்கு வாங்கிய எச்எம் 46 போனால் ஹைட்ராலிக் பக்கம் ஒரு குறையும் தெரியாது. பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் முனகும், அதிரும். மேட்டுத் தோட்டத்தில் முழுப் பாரத்தோடு இறங்கும்போது அந்த அதிர்வு உயிருக்கு உலை வைக்கும். ரெம்பாவ், கோலப்பிலா பக்கத்து மலைச்சரிவுகளில் வேலை செய்யும் டிராக்டர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

தண்ணீர்

தீபகற்ப மலேசியாவில் மிகக் குறைந்த மழை பெய்யும் இடம் ஜெலுபு மாவட்டத்தின் கோல கிளாவாங். அங்கேயே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,650 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னையின் ஆண்டு சராசரி ஏறத்தாழ 1,400தான். நெகிரி செம்பிலானின் மற்ற இடங்களில் மழை இன்னும் கூடுதல். ஆகையால் இங்கே எண்ணெயின் முதல் பகை தண்ணீர்.

அது நுழையும் வழிகளில் மிக எளியது டிரம். 200 லிட்டர் டிரம்மைப் பட்டறைக்கு வெளியே நிமிர்த்தி வைத்திருப்பார்கள். மழை பெய்ததும் மேல் வளையத்துக்குள் தண்ணீர் குளமாகத் தேங்கும், மூடி அந்தத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். பகல் வெயிலில் டிரம்முக்குள் காற்று விரிந்து மூடியின் இடுக்கு வழியே வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது உள்ளே இழுவிசை உண்டாகி, மேலே நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கும், சீலும் உடைந்திருக்காது. ஆனாலும் தண்ணீர் உள்ளே போயிருக்கும். கூரைக்குள் வைக்க இடமில்லையென்றால் டிரம்மைப் படுக்கப்போட்டு, இரண்டு மூடிகளும் கடிகாரத்தில் மூன்று மணியும் ஒன்பது மணியும் இருக்கும் இடங்களுக்கு வரும்படி உருட்டி வைக்க வேண்டும். அப்போது இரண்டு மூடிகளின் உட்பக்கமும் எண்ணெய்க்குள் இருப்பதால் காற்றும் ஈரமும் நுழைய வழியில்லை. இதற்குச் செலவு ஒரு காசுமில்லை.

இரண்டாவது வழி எந்திரத்தின் தொட்டி மூச்சுவிடும் துளை. சிலிண்டர் நீளும்போது தொட்டியில் எண்ணெய் மட்டம் இறங்கும், அந்த அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வரும். ஆலைக்குள் அந்தக் காற்று நீராவி நிறைந்தது. பகாவ் வட்டாரத்தின் கோக் ஃபோ, ஜெராம் பாடாங், செர்த்திங் ஹிலிர், போர்ட்டிக்சன் பக்கத்துச் சுவா பெத்தோங் என்று எந்த ஆலையானாலும் பழத்தை நீராவியில் வேகவைக்காமல் எண்ணெய் எடுக்க முடியாது. ஈரத்தை உறிஞ்சும் மூச்சு ஃபில்டர் பொருத்தினால் இந்த வழி அடைபடும்.

சாதாரண ஹைட்ராலிக் எண்ணெயில் பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். அதைத் தாண்டினால் எண்ணெய் மங்கும். மேலும் கூடினால் தொட்டியின் கண்ணாடிக் குழாயில் தே தாரிக் நிறம் காட்டும். பொதுவாக 0.05 சதவீதத்தை எச்சரிக்கை அளவாகவும் 0.1 சதவீதத்தைச் செயலில் இறங்கவேண்டிய அளவாகவும் கொள்கிறார்கள். சோதனைக்கூடம் இல்லாத பட்டறையில் ஒரு சோதனை போதும். இரும்புத் தட்டை 150 பாகைக்கு மேல் சூடாக்கி அதன்மேல் இரண்டு சொட்டு விட வேண்டும். தண்ணீர் இல்லாத எண்ணெய் சத்தமில்லாமல் பரவும். தண்ணீர் இருந்தால் குமிழியிட்டுப் பொரியும். கண்ணாடி அணிந்துகொண்டு எட்டி நின்று செய்ய வேண்டிய காரியம் இது.

ஆகவே விவரத்தாளில் பாகுத்தன்மைக்கு அடுத்துத் தேடவேண்டியது தண்ணீரைப் பிரித்துவிடும் திறன். சோதனையில் 40 மில்லி எண்ணெயையும் 40 மில்லி தண்ணீரையும் 54 பாகையில் ஐந்து நிமிடம் கலக்கி, இரண்டும் பிரிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார்கள். சீக்கிரம் பிரியும் எண்ணெயில் தண்ணீர் தொட்டியின் அடியில் இறங்கித் தங்கும். வாரம் ஒருமுறை காலையில் எந்திரத்தைக் கிளப்புமுன் அடித் திருகைத் தளர்த்தி வடித்துவிடலாம். இங்கேதான் எஞ்சின் எண்ணெயை ஹைட்ராலிக்கில் ஊற்றுவதன் கேடு தெரிகிறது. எஸ்ஏஇ 10 எண்ணெயின் பாகுத்தன்மை ஏறத்தாழ ஒத்துப்போகலாம். ஆனால் அழுக்கையும் தண்ணீரையும் தன்னுள் தாங்கிப் பிடித்துக்கொள்வதற்கென்றே எஞ்சின் எண்ணெயில் சேர்மானம் போட்டிருக்கிறார்கள்; அது தண்ணீரை விடாது. அப்படிப்பட்ட எண்ணெயைத் தாங்கும்படி தயாரித்த எந்திரமென்று கையேடே சொன்னாலொழிய அதைத் தவிர்ப்பது நல்லது.

தூசு

கண் பார்க்கும் எல்லை 40 மைக்ரான். மனித முடியின் தடிமன் 70 அளவில் இருக்கும். பம்பின் உள்ளிடைவெளிகளோ சில மைக்ரான்கள்தான். பம்பைக் கெடுக்கும் தூசை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்பதால்தான் "எண்ணெய் சுத்தமாகத்தான் இருக்கிறது" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை.

ஐஎஸ்ஓ 4406 தரம் தூய்மையை 18/16/13 போன்ற மூன்று எண்களில் சொல்கிறது. ஒரு மில்லி லிட்டரில் 4 மைக்ரானுக்கும், 6 மைக்ரானுக்கும், 14 மைக்ரானுக்கும் மேற்பட்ட துகள்கள் எத்தனை என்பதன் குறி அவை. முதல் எண் 18 என்றால் 1,300 முதல் 2,500 துகள். எண் ஒன்று ஏறினால் துகள் இரட்டிப்பாகும். 21 என்றால் 10,000 முதல் 20,000. நிறுவனம் அனுப்பும் புது டிரம் எண்ணெயிலேயே இந்த அளவு தூசு இருக்கக்கூடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். புது எண்ணெய் என்பது வேறு, சுத்தமான எண்ணெய் என்பது வேறு.

ஊற்றும் இடத்தில் நடப்பதைக் கவனித்தால் போதும். டிரம்மிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து புனலுக்கு, புனலிலிருந்து தொட்டிக்கு. வாளி நேற்று வேறு எதற்கோ பயன்பட்டது. புனல் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டி மூடியைச் சுற்றிச் செம்மண் அப்பியிருக்கிறது. திறக்கும்போதே ஒரு பிடி உள்ளே விழுகிறது. பழைய துணியால் துடைத்தால் நூல் உதிர்ந்து வால்வில் சிக்குகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எண்ணெயாக இருந்தாலும் என்ன பயன்?

ஹைட்ராலிக் பழுதுகளில் பெரும்பகுதி மாசினால் வருகிறது என்பதில் எந்திரத் தயாரிப்பாளர்களும் எண்ணெய் நிறுவனங்களும் ஒரே பேச்சு. தீர்வு எண்ணெயின் விலைப்பட்டியலில் இல்லை. ஊற்றும் முறையில் இருக்கிறது. ஃபில்டர் வைத்த கைவண்டிப் பம்பு ஒன்றும், மூடியுள்ள தனிக் கலன்களும், நூல் உதிராத துணியும் இருந்தால் வேலை முடிந்தது.

காற்று, சூடு, பழையதாதல்

சாதாரண அழுத்தத்தில் எண்ணெயின் கொள்ளளவில் ஏறத்தாழ 9 சதவீதம் காற்று கரைந்திருக்கும். கரைந்த காற்றால் கேடில்லை. குமிழிகளாகச் சேரும் காற்றால்தான் கேடு. தொட்டியில் மட்டம் குறைந்தாலோ உறிஞ்சு குழாயின் இணைப்பு தளர்ந்தாலோ காற்று கலக்கும். பம்பு ஊளையிடும், சிலிண்டர் பஞ்சை அழுத்துவதுபோல் மெத்தென்று அசையும். மேலே மிதக்கும் நுரை கண்ணுக்குத் தெரியும். உள்ளே சிக்கிய நுண்குமிழி தெரியாது. நல்ல எண்ணெய் இரண்டையும் விட வேண்டும். விஜி 46 எண்ணெய் 50 பாகையில் 10 நிமிடத்துக்குள் காற்றை விட்டுவிட வேண்டுமென்று டிஐஎன் தரம் கேட்கிறது. நுரை வந்தால் நுரையடக்கி மருந்தைத் தனியே வாங்கி ஊற்றுவது சில இடங்களில் வழக்கம். அது கூடினால் காற்று விடும் திறன் குறையும். குழாயின் இணைப்பை இறுக்குவதே சரியான வைத்தியம்.

சூடு எண்ணெயை முதுமையாக்குகிறது. 60 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆக்சிஜனேற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதாவது ஆயுள் பாதியாகிறது. நிறம் கருக்கும், தீய்ந்த வாடை வரும், அமிலம் கூடும், வால்வுகளில் மெல்லிய வார்னிஷ் படியும். புது எண்ணெயின் அமில எண்ணைவிட ஒரு புள்ளி கூடினால் மாற்றும் நேரம் வந்துவிட்டதென்று பொருள். வாரம் ஒருமுறை ரேடியேட்டரை ஊதித் துடைக்கும் பத்து நிமிட வேலை எண்ணெயின் ஆயுளை நீட்டும்.

ரப்பர் நாட்டில் ரப்பர் பிரச்சினை

ரப்பர் விளைவித்துப் பேர்பெற்ற இந்த மாநிலத்தில் ஹைட்ராலிக் சிலிண்டருக்குள் இயற்கை ரப்பருக்கு இடமில்லை. கனிம எண்ணெய் பட்டால் அது ஊதிப் பெருத்துக் குழைந்துவிடும். அதனால் சீல்கள் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்யப்படுகின்றன. சூடு கூடிய இடத்தில் வைட்டான் வகை வேண்டும்.

பிரேக் எண்ணெய்க்கு இதற்கு நேர்மாறான கதை. கார், லாரிகளின் வழக்கமான பிரேக் திரவம் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. அதற்கேற்ற ரப்பர் வேறு. கனிம எண்ணெயை அங்கே ஊற்றினால் பிரேக் சீல் ஊதிப் பிரேக் பிடிக்காமல் போகும். பிரேக் திரவத்தை ஹைட்ராலிக்கில் ஊற்றினால் நைட்ரைல் சீல் கெடும். இரண்டும் பட்டறையின் ஒரே அலமாரியில் லேபிள் கிழிந்து நிற்பது பெரிய ஆபத்து. வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் என்று பல நாட்டுத் தொழிலாளர் வேலை செய்யும் இன்றைய பட்டறையில் எழுத்தைவிட நிறம் நன்றாக வேலை செய்யும்: எண்ணெய்க்கொரு நிறம், அதே நிறம் டிரம்மிலும் கலனிலும் எந்திரத்தின் தொட்டி மூடியிலும்.

ஆலைக்குள் கூடுதல் கவலைகள்

செம்பனை ஆலையில் எண்ணெய் எடுக்கும் இதயம் இரட்டைத் திருகுப் பிரஸ். வெந்து குழைந்த பழக்கூழைத் திருகுகள் முன்னே தள்ளும். வெளியேறும் வாயைக் கூம்புகள் மறித்து நிற்கும். அந்தக் கூம்புகளை முன்னும் பின்னும் அசைப்பது ஹைட்ராலிக். அழுத்தம் குறைந்தால் நாரோடு பாமாயிலும் வெளியே போகும். கூடினால் கொட்டை உடைந்து பருப்பு வீணாகும். ஹைட்ராலிக் எண்ணெயில் காற்றோ இளக்கமோ இருந்தால் கூம்பு ஒரே இடத்தில் நிலைக்காது. பிரஸ் நின்றால் பழம் காத்திருக்கும். வெட்டிய பழம் காத்திருக்கக் காத்திருக்கக் கொழுப்பமிலம் ஏறி விலை இறங்கும்.

சாப்பாட்டு எண்ணெய் எடுக்கும் இடம் என்பதால் இன்னொரு கேள்வி வருகிறது. பிரஸ்ஸின் சீல் கசிந்து கனிம எண்ணெய் பாமாயிலில் கலந்தால் என்ன ஆகும்? கனிம எண்ணெயின் எச்சங்களை ஐரோப்பிய வாங்குபவர்கள் இப்போது கூர்ந்து பார்க்கிறார்கள். உணவோடு தற்செயலாகத் தொடர்பு ஏற்படக்கூடிய இடங்களுக்கு எச்1 பதிவு பெற்ற எண்ணெய் உண்டு. அமெரிக்க விதிப்படி அதிலும் உணவில் 10 பிபிஎம்முக்கு மேல் கலக்கக்கூடாது. பழத்தைத் தொடும் எந்திரங்களுக்கு எச்1, வெளியே உள்ள எக்ஸ்கவேட்டருக்குச் சாதாரண எச்எம் என்று பிரித்துவைப்பதே அறிவு.

கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்க்கும் பக்கத்தில் தீயும் கவலை தரும். ஹைட்ராலிக் எண்ணெயின் தீப்பற்று நிலை 200 பாகைக்கு மேல் என்பது ஆறுதலான எண்தான். ஆனால் ஹோஸில் ஊசித் துளை விழுந்து எண்ணெய் பனித்துளியாகச் சீறும்போது அது எளிதில் பற்றும்.

அதே சீற்றம் மனிதனையும் துளைக்கும். டிராக்டரில் 200 பார் வரையிலும் எக்ஸ்கவேட்டரில் 340 பார் அளவிலும் அழுத்தம் இருக்கும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பவரின் தோலுக்குள் எண்ணெய் ஊசிபோல் ஏறிவிடும். காயம் கொசுக்கடி அளவே தெரியும், வலியும் முதலில் அதிகமிராது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை இல்லையென்றால் விரலையோ கையையோ இழக்க நேரும். கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பிடிக்க வேண்டும், கையை ஒருபோதும் நீட்டக்கூடாது. அடிபட்டவரைத் தோட்ட மருந்தகத்தில் கட்டுப்போட்டு வேலைக்கு அனுப்பாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், "அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்ல வேண்டும்.

முடிந்த எண்ணெய் எங்கே போகிறது?

மலேசியாவின் 2005ஆம் ஆண்டு பட்டியலிட்ட கழிவு விதிகளில் பழைய ஹைட்ராலிக் எண்ணெய்க்குத் தனி எண்ணே உண்டு: எஸ்டபிள்யூ 306. பழைய எஞ்சின் எண்ணெய் முதலிய வழுக்கெண்ணெய்களுக்கு எஸ்டபிள்யூ 305. இரண்டையும் ஒரே டிரம்மில் ஊற்றக்கூடாது. 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ தோட்டத்தில் வைத்திருக்கக்கூடாது. உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். மலேசிய நிலைத்தன்மைச் சான்றிதழான எம்எஸ்பிஓ 2020 ஜனவரி முதல் கட்டாயமாகிவிட்டதால் தணிக்கைக்கு வருகிறவர்கள் இந்த டிரம்களையும் பதிவேட்டையும் பார்க்கிறார்கள்.

நாட்டின் முதல் ஒருங்கிணைந்த பட்டியலிட்ட கழிவு மேலாண்மை மையம் இதே மாநிலத்தில், புக்கிட் பெலாண்டோக் அருகே லாடாங் தானா மேரா நிலத்தில் இருக்கிறது. 1998 முதல் இயங்கிவருகிறது. நாடெங்கும் உருவாகும் அபாயக் கழிவு பல ஆண்டுகளாக ஒரு நெகிரி செம்பிலான் தோட்டத்து நிலத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அப்படியிருக்க, கால்வாயில் ஊற்றுவதற்கும் புல் எரிக்கவும் மரச்சட்டத்துக்குப் பூசவும் பழைய எண்ணெயை எடுத்துப்போவதற்கும் நியாயம் இல்லை. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் குடிநீர் தரும் லிங்கி ஆறு இந்தத் தோட்டங்களின் நடுவேதான் ஓடுகிறது.

கசிந்தாலும் மண்ணில் சீக்கிரம் சிதையும் எண்ணெய் உண்டா? உண்டு. செம்பனை எண்ணெயிலிருந்து செய்யும் எஸ்டர்களை ஹைட்ராலிக் எண்ணெயாக்கும் ஆய்வுகள் செர்டாங்கின் புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகத்தில் நடந்திருக்கின்றன. தாவர எண்ணெய்க்குப் பாகுத்தன்மைக் குறியீடு 200ஐ ஒட்டி இருக்கும். வழுக்கலும் மிக நல்லது. ஆனால் பச்சைப் பாமாயிலை அப்படியே ஊற்ற முடியாது: ஒரு பகுதி அறை வெப்பத்திலேயே உறையும், சூட்டில் சீக்கிரம் ஆக்சிஜனேறிப் பிசினாகும், தண்ணீர் பட்டால் சிதைந்து அமிலமாகும். எஸ்டராக மாற்றினால் இந்தக் குறைகள் பெருமளவு குறைகின்றன, விலை ஏறுகிறது. ஆற்றங்கரையில் வேலை செய்யும் எந்திரத்துக்கு அந்த விலை பொருந்தும். பட்டறைக்குள் நிற்கும் பிரஸ்ஸுக்கு இன்று பொருந்தாது.

வரிசை

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நெகிரி செம்பிலான் தோட்டத்துக்கு வரிசை இதுதான். முதலாவது, கையேடு சொல்லும் வகையும் பாகுத்தன்மை எண்ணும்: டிராக்டருக்கு டிராக்டர் எண்ணெய், மற்றவற்றுக்கு எச்எம் 46 அல்லது 68. இரண்டாவது, தண்ணீரைப் பிரிக்கும் திறன். மூன்றாவது, காற்று விடும் திறனும் ஆக்சிஜனேற்றத்தைத் தாங்கும் திறனும். பழத்தைத் தொடும் எந்திரத்துக்கு மட்டும் எச்1 இவற்றோடு சேர வேண்டும். உயர் பாகுத்தன்மைக் குறியீடு, விலை கூடிய செயற்கை எண்ணெய் முதலியவை இந்த வெயில் நாட்டில் கடைசி. தூய்மை இந்த வரிசையில் இல்லாததற்குக் காரணம், அது டிரம்மோடு வரும் குணமாக இல்லாமல் பட்டறை சேர்க்கவேண்டிய குணமாக இருப்பது.

ஆண்டு வரவுசெலவு போடும் மேலாளர்களுக்கும் ஸ்டோர் கிராணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். விலை கூடிய பிராண்டுக்கு மாற நினைத்து ஒதுக்கும் தொகையில் முதலில் ஃபில்டர் வண்டி ஒன்று, ஈரம் உறிஞ்சும் மூச்சு ஃபில்டர்கள், நிறம் பூசிய கலன்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெரிய எந்திரத்திலிருந்தும் ஒரு பாட்டில் எண்ணெய்ச் சோதனை ஆகியவற்றை வாங்குங்கள். அதற்குப் பிறகும் பணம் மிச்சமிருந்தால் பிராண்டைப் பற்றிப் பேசலாம்.